கண்ணாடி வீடு: முசோலினி காலத்து இத்தாலியும் அதன் அழகான பொருட்களும்

இன்னைக்கு ஒரு பாட்டில்ல இருந்து ஆரம்பிக்கலாம்.

கம்பாரி சோடா. கவிழ்த்து வைத்த கோப்பை மாதிரி ஒரு குட்டி பாட்டில், உள்ளே சிவப்பு நிறத்தில் பானம். லேபிளே கிடையாது. பெயர் கண்ணாடியிலேயே புடைப்பாக வார்க்கப்பட்டிருக்கும். கிட்டத்தட்ட நூறு வருஷம் ஆகப்போகுது, இன்னும் அதே வடிவத்துலதான் கடைக்கு வருது. அந்த வடிவத்துக்குப் பின்னால் இருப்பவர் ஃபோர்துனாத்தோ தெப்பேரோ என்ற ஓவியர். பாட்டில் வெளிவந்த வருஷம் 1932.

அதே 1932இல் ஒலிவெட்டி நிறுவனம் தன் முதல் கையடக்கத் தட்டச்சு இயந்திரத்தை வெளியிட்டது. அதன் தோற்றத்தில் ஓர் ஓவியரின் கையும் இருந்தது. அடுத்த வருஷம், 1933இல், அல்ஃபோன்சோ பியலெட்டியின் மோக்கா காபி பாத்திரம் வந்தது. அந்த எட்டுப் பட்டை அலுமினியப் பாத்திரத்தை இப்ப நம்ம ஊர் ஃபிளாட் கிச்சன்லயும் பார்க்கலாம், டிகாஷன் ஃபில்டருக்குப் பக்கத்துலயே.

இந்தத் தேதிகளை இன்னொரு தடவை பாருங்க. 1932ன்னா முசோலினி ஆட்சிக்கு வந்து பத்து வருஷம். எதிர்த்துப் பேசிய நாடாளுமன்ற உறுப்பினர் மத்தேயோட்டி 1924லேயே கடத்திக் கொல்லப்பட்டார். 1926இல் மற்ற கட்சிகள் தடைசெய்யப்பட்டன. ஓவ்ரா என்ற ரகசியப் போலீஸ் ஊருக்கு ஊர் ஆள் வைத்து வேவு பார்த்தது. அதே நாட்டில், அதே வருஷங்களில்தான், இன்றைக்கும் அருங்காட்சியகங்கள் வாங்கி வைக்கிற பொருட்கள் வந்தன.

எப்படி? இதுதான் இந்த எபிசோடோட கேள்வி. கொஞ்சம் சங்கடமான கேள்வி.

நமக்குப் பழக்கமான கதை ஜெர்மனியோடது. ஹிட்லர் வந்தார், 1933இல் பௌஹவுஸ் கலைப்பள்ளி மூடப்பட்டது. 1937இல் மியூனிக்கில் நவீன ஓவியங்களை எல்லாம் சுவரில் மாட்டி, ‘சீரழிந்த கலை’ன்னு பெயர் வைத்து ஊரையே கூப்பிட்டுக் கேலி செய்தார்கள். அந்தக் கதை நமக்கு வசதியா இருக்கு. கொடுங்கோலனுக்கு நல்ல கலை பிடிக்காது, நல்ல கலைஞன் கொடுங்கோலனோட சேர மாட்டான்னு நம்பிக்கிட்டு நிம்மதியாத் தூங்கலாம்.

இத்தாலி அந்தத் தூக்கத்தைக் கெடுக்குது.

மார்கெரிட்டா சர்ஃபாட்டியை எடுத்துக்குங்க. 1880இல் வெனிஸில் பிறந்தவர், வசதியான யூதக் குடும்பம். கலை விமர்சகர். முசோலினி சோஷலிஸ்டாக இருந்து, சோஷலிஸ்ட் பத்திரிகை நடத்திக்கொண்டிருந்த காலத்திலேயே அவருடைய தோழி, பிறகு காதலி. முசோலினியின் முதல் பெரிய வாழ்க்கை வரலாற்றை எழுதியவரும் இவர்தான். அது முதலில் 1925இல் ஆங்கிலத்தில் வந்தது, பிறகு இத்தாலியனில், பிறகு உலகமெங்கும் பல மொழிகளில். வெளிநாடுகளில் முசோலினிக்கு இருந்த வசீகரத்தில் இந்தப் பெண்மணியின் பேனாவுக்குக் கணிசமான பங்கு உண்டு.

சர்ஃபாட்டி மிலான் நகரில் ஏழு ஓவியர்களைச் சேர்த்து ‘நோவெசெந்தோ’ என்ற குழுவை உருவாக்கினார். அவர்களுடைய 1923 கண்காட்சியின் தொடக்க விழாவுக்கு முசோலினியே வந்தார். பிரதமராகி ஆறு மாதம்கூட ஆகவில்லை. அங்கே அவர் பேசியதன் சாரம் இதுதான்: அரசுக்கென்று ஒரு கலை என்ற யோசனையே எனக்கு இல்லை, கலை தனிமனிதனின் களம்.

கேட்க எவ்வளவு தாராளமா இருக்கு, இல்லையா? என்னைக் கேட்டா, அந்த ஆட்சி எடுத்த மிகச் சாமர்த்தியமான முடிவு இதுதான். இதுதான் நம்ம கலைன்னு ஒண்ணைச் சொல்லிட்டா மற்ற எல்லாரும் எதிரி ஆயிடுவாங்க. எதையும் சொல்லலைன்னா எல்லாரும் போட்டிக்கு வருவாங்க. பழைய ரோமாபுரித் தூண் கட்டுறவர், வேகத்தையும் விமானத்தையும் வரைகிற ஃப்யூச்சரிஸ்ட், கான்கிரீட்டும் கண்ணாடியும் பேசுற இளைஞர், எல்லாரும் வரிசையில் நின்று ‘உங்க புரட்சிக்குப் பொருத்தமான கலை என்னோடதுதான்’னு வாதாடினார்கள். நீதிபதி ஒரே ஆள். தபால் நிலையம், ரயில் நிலையம், பல்கலைக்கழகம், கட்சி அலுவலகம்னு எல்லாத்துக்கும் பணம் கொடுக்கிறதும் அதே ஆள்தான்.

அந்தப் போட்டியில் எனக்கு ரொம்பப் பிடித்தவர்களும், அதனாலேயே என்னை ரொம்பத் தொந்தரவு செய்கிறவர்களும் அந்தக் கான்கிரீட் இளைஞர்கள்தான். 1926இல் மிலான் தொழில்நுட்பக் கல்லூரியிலிருந்து வந்த ஏழு பேர் ‘குழு 7’ என்று பெயர் வைத்துக்கொண்டு கட்டுரைகள் எழுதினார்கள். ஒட்டு அலங்காரம் வேண்டாம், ஒரு கட்டடத்தின் வடிவம் அதன் தேவையிலிருந்தும் தர்க்கத்திலிருந்தும் வரணும் என்பது அவர்கள் கட்சி. அந்தப் பாணிக்குப் பெயர் ‘ராத்ஸியோனலிஸ்மோ’. தமிழில் சொன்னா பகுத்தறிவுக் கட்டடக்கலை. அந்தச் சொல்லுக்கு நம்ம ஊர்ல இருக்கிற அர்த்தத்தைக் கொஞ்ச நேரம் ஓரமா வெச்சிருங்க.

அந்த ஏழு பேரில் ஒருவர் ஜுசெப்பே தெரான்யி. 1904இல் பிறந்தவர், கோமோ ஏரிக்கரை ஊரில் தொழில் நடத்தியவர். அவருடைய முதல் பெரிய கட்டடமே ஒரு தில்லாலங்கடி. நோவோகோமும் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பு, 1929இல் முடிந்தது. நகராட்சியின் அழகுக் குழுவிடம் அனுமதிக்குக் கொடுத்த வரைபடம் ஒன்று, வழக்கமான பழைய பாணி, ஜன்னலுக்கு மேல அலங்காரம் எல்லாம் வெச்சு. கட்டியது வேறொன்று. சாரத்தைப் பிரித்த அன்று ஊரே அதிர்ந்தது. வட்டமான கண்ணாடி மூலைகள், வெறும் சமதளச் சுவர்கள், கப்பல் மாதிரி நிற்கிறது. இடிக்கணுமா வேண்டாமான்னு பெரிய பஞ்சாயத்து நடந்து, கடைசியில் விட்டுவிட்டார்கள். ஊர்க்காரர்கள் அதற்கு அட்லாண்டிக் கடக்கும் கப்பல் என்றே பட்டப்பெயர் வைத்தார்கள்.

இந்தக் கதையில நாம யார் பக்கம் நிற்போம்? தெரான்யி பக்கம்தான். இளைஞன், கலகக்காரன், பெரியவங்களை ஏமாத்தி நல்ல கட்டடம் கட்டினவன். அந்தக் கலகக்காரர் மனதார நம்பிய கட்சி உறுப்பினரும்கூட. அவருக்கு அதில் எந்த முரண்பாடும் தெரியவில்லை. பாசிசம் ஒரு புரட்சி, புரட்சிக்குப் புதுக் கட்டடம் வேண்டும், அதை நாங்கள் கட்டுகிறோம். அவர்களுடைய கணக்கு அவ்வளவு நேரானது. 1931இல் ரோமில் இவர்கள் ஒரு கண்காட்சி வைத்தபோது, பழைய பாணிக் கட்டடங்களின் படங்களை வெட்டி ஒட்டி ‘கொடூரங்களின் மேஜை’ என்று பெயர் வைத்துக் கிண்டலடித்தார்கள். அதைப் பார்க்க முசோலினியே வந்தார். கிண்டலடிக்கப்பட்டவர்களில் முக்கியமானவர் மார்செல்லோ பியாச்செந்தினி, ஆட்சிக்கு மிக நெருக்கமான கட்டடக்கலைஞர். இந்தப் பெயரை ஞாபகம் வெச்சுக்குங்க.

சரி, கண்ணாடி வீட்டுக்கு வருவோம்.

கோமோவில் பாசிஸ்ட் கட்சியின் மாவட்டத் தலைமையகத்தைக் கட்டும் வேலை தெரான்யிக்குக் கிடைத்தது. ‘காசா டெல் ஃபாஷோ’ன்னு பெயர். 1932இல் தொடங்கி 1936இல் முடிந்தது. இந்த எபிசோடைக் கேட்டு முடிச்சதும் அதோட படத்தைத் தேடிப் பாருங்க. சதுரமான அடித்தளம், ஒரு பக்கம் 33.20 மீட்டர். உயரம் 16.60 மீட்டர், சரியாகப் பாதி. மேலே வெள்ளை வெளேரென்று பொத்திச்சீனோ பளிங்கு. முகப்பில் ஒரு பக்கம் கட்டங்கட்டமாகத் திறந்த சட்டகம், மறுபக்கம் ஒன்றுமே எழுதாத வெற்றுச் சுவர். நாலு பக்கமும் நாலு விதம். ஆனால் ஒரே கட்டடம்னு பார்த்ததும் தெரியும். நான் அந்தப் படங்களை எத்தனை தடவை பார்த்திருப்பேன்னு கணக்கில்லை. ஒவ்வொரு தடவையும் முதலில் வருவது சந்தோஷம்தான். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

அந்த வடிவத்துக்குப் பின்னால் ஒரு வாசகம் இருக்கு. பாசிசம் எல்லாரும் எட்டிப் பார்க்கக்கூடிய ஒரு கண்ணாடி வீடு என்று முசோலினி பேசியிருந்தார். தெரான்யி அதை உவமையா எடுத்துக்கலை, நேரடியா எடுத்துக்கிட்டார். கட்சிக்கும் மக்களுக்கும் நடுவே சுவர் இருக்கக் கூடாது. அதனால் நடுவில் ஒரு பெரிய கூடம், மேலே கண்ணாடிக் கட்டிகள் வழியே வெளிச்சம். மேல்மாடி அலுவலகங்கள் அந்தக் கூடத்தைப் பார்த்தபடி. முன்வாசலில் வரிசையாகக் கண்ணாடிக் கதவுகள், மின்சார விசையால் எல்லாம் ஒரே நேரத்தில் திறக்கும். உள்ளே இருக்கும் கூட்டமும் வெளியே சதுக்கத்தில் நிற்கும் கூட்டமும் ஒன்றாகிவிட வேண்டும் என்பது எண்ணம்.

யோசிச்சுப் பாருங்க. பத்திரிகை தணிக்கையில் இருக்கிற, வழக்குகளைத் தனி அரசியல் நீதிமன்றம் விசாரிக்கிற, பக்கத்து வீட்டுக்காரர் உளவாளியாக இருக்கக்கூடிய ஒரு நாட்டில், ஒளிவுமறைவே இல்லாத ஆட்சியின் சின்னமாக ஒரு கட்டடம். இதில் எனக்குக் கஷ்டமான விஷயம், கட்டடம் பொய் சொல்லவில்லை என்பதுதான். அது நிஜமாகவே திறந்திருக்கிறது, நிஜமாகவே வெளிச்சமாக இருக்கிறது. இப்படி ஒரு அரசு இருக்கக் கூடாதான்னு பார்க்கிறவங்களை ஏங்க வைக்கிற மாதிரி இருக்கிறது. மோசமான கட்டடக்கலைஞர் யாராவது கட்டியிருந்தா அந்தப் பொய் இவ்வளவு தூரம் போயிருக்காது.

அந்தக் கட்டடத்தின் மிகப் பிரபலமான கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று உண்டு. முன்னால் சதுக்கம் நிறைய மக்கள், தலைகளாகவே தெரியும். கட்டடக்கலை மாணவர்கள் பல பேர் பார்த்திருப்பார்கள். அந்தக் கூட்டம் எதுக்குன்னு பாடப்புத்தகங்கள் எப்பவும் சொல்றதில்லை. தேதி 1936 மே 5. அன்றுதான் இத்தாலிய ராணுவம் எத்தியோப்பியாவின் தலைநகர் அடிஸ் அபாபாவுக்குள் நுழைந்தது. விஷவாயுக் குண்டு போட்டு ஜெயித்த யுத்தம் அது. கண்ணாடி வீட்டின் முன் மக்கள் கூடியது அந்த வெற்றியைக் கொண்டாட.

கொஞ்சம் பின்னால் போகணும், ஏன்னா 1932இல் ரோமில் நடந்த ஒரு கண்காட்சியைச் சொல்லாமல் இந்தக் கதை முழுமையாகாது. ஆட்சியின் பத்தாம் ஆண்டு. பாசிசப் புரட்சியின் கண்காட்சின்னு பெயர். பழைய பாணிக் கட்டடம் ஒன்றின் முகப்பை மறைத்து, 25 மீட்டர் உயரத்தில் நான்கு உலோகத் தூண்கள் நிறுத்தினார்கள். ரோமானிய அதிகாரச் சின்னமான கோடரி செருகிய கம்புக்கட்டின் வடிவம் அவை. உள்ளே தெரான்யியின் அறையில் ஆயிரக்கணக்கான கைகள் சுவரிலிருந்து எழும்பின, கூட்டத்தின் புகைப்படங்களே இயந்திர இறக்கைகளாகச் சுழன்றன. கடைசி அறை இருட்டு வட்டம், நடுவில் ஒரு சிலுவை. இறந்துபோன தொண்டர்கள் பதில் சொல்வது போல ‘ஆஜர்’ என்ற சொல் மட்டும் சுவரெங்கும் திரும்பத் திரும்ப ஒளிர்ந்தது. ரயில் கட்டணத்தில் பெரிய தள்ளுபடி கொடுத்தார்கள். இரண்டு வருஷத்தில் ஏறத்தாழ 40 லட்சம் பேர் வந்து பார்த்தார்கள். வடிவமைத்தவர்களில் பலர் அன்றைய இத்தாலியின் மிகத் திறமையான இளைஞர்கள்.

வெளியூர்க்காரர்களும் இதில் இருந்தார்கள். ஸாந்தி ஷவின்ஸ்கி என்று ஒருவர், சுவிட்சர்லாந்தில் பிறந்த யூதர், பௌஹவுஸ் மாணவர். நாஜிகளிடமிருந்து தப்பித்து 1933இல் மிலானுக்கு வந்தார். ஒலிவெட்டிக்கு அருமையான விளம்பரங்கள் செய்தார். அடுத்த வருஷம் முசோலினி ஒரு வாக்கெடுப்பு நடத்தினார். ஒரே பட்டியல், ஆம் அல்லது இல்லை. 99 சதவீதத்துக்கும் மேல் ஆம். அதற்கு ஷவின்ஸ்கி செய்த படத்தாளில் முசோலினியின் தலை, அவர் உடம்பு முழுக்கச் சின்னச் சின்ன மனிதத் தலைகள், நடுவே பெரிதாக ‘ஆம்’. அச்சுக்கலைப் புத்தகங்களில் இன்றும் வருகிற வேலை. ஒரு சர்வாதிகாரியிடமிருந்து ஓடி வந்தவர் இன்னொருவருக்குச் செய்தது. இதை எழுதி வெச்சுக்கிட்டு அவரைத் திட்ட எனக்கு மனசு வரலை. அகதிக்கு வேலை வேணும். 1936இல் அவர் அமெரிக்காவுக்குப் போய்விட்டார்.

அப்ப யாருமே முடியாதுன்னு சொல்லலையா? சொன்னார்கள், ரொம்பக் கொஞ்சம் பேர். 1931இல் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் எல்லாரும் ஆட்சிக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்கணும்னு உத்தரவு. ஆயிரத்துக்கும் அதிகமான பேரில் மறுத்தவர்கள் ஒரு டஜன் அளவுதான். அதில் ஒருவர் கலை வரலாற்றாசிரியர் லியோனெல்லோ வெந்தூரி. வேலையை விட்டு பாரிஸ் போனார்.

எத்தியோப்பியப் போருக்காக 1935 நவம்பரில் சர்வதேச சங்கம் இத்தாலிமீது பொருளாதாரத் தடை விதித்தது. உடனே தற்சார்பு என்பது தேசிய மந்திரமானது. அலுமினியம் தேசத்தின் உலோகம் ஆனது. பால் புரதத்திலிருந்து ‘லானிதால்’ என்ற செயற்கைக் கம்பளி வந்தது. ஷூ அடியில் வைக்க நல்ல எஃகுத் தகடு கிடைக்காமல் சல்வத்தோரே ஃபெராகாமோ தக்கையைச் செதுக்கி ஒட்டினார். இன்றைக்கு நாம வெட்ஜ் ஹீல்னு சொல்றது அப்படிப் பிரபலமானதுதான். பற்றாக்குறை புத்திசாலித்தனத்தை வளர்க்கும்னு இதை ரசித்து எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அந்த ரசனை இல்லை. அந்தத் தக்கையோட விலைப்பட்டியல்ல எத்தியோப்பியாவும் இருக்கு.

1938 இலையுதிர் காலத்தில் இனச் சட்டங்கள் வந்தன. யூதர்களுக்குப் பள்ளிகளில் இடமில்லை, அரசு வேலையில்லை. மார்கெரிட்டா சர்ஃபாட்டி, தலைவரின் வரலாற்றை எழுதிய அதே சர்ஃபாட்டி, நாட்டை விட்டு வெளியேறி பாரிஸுக்கும் அங்கிருந்து தென் அமெரிக்காவுக்கும் போனார். அவருடைய சகோதரி நெல்லா இத்தாலியிலேயே இருந்தார். 1944இல் அவுஷ்விட்ஸுக்கு நாடுகடத்தப்பட்டதில் இறந்தார்.

இப்போது ஜுசெப்பே பகானோ. இந்த எபிசோடை நான் எடுத்ததே இவருக்காகத்தான். 1896இல், அப்போது ஆஸ்திரியப் பேரரசில் இருந்த இஸ்திரியாவில் பிறந்தவர். முதல் உலகப் போரில் இத்தாலிக்காகச் சண்டை போட்டார். 1920லேயே, அதாவது முசோலினி ஆட்சிக்கு வருவதற்கு முன்பே, தன் ஊரில் பாசிஸ்ட் கிளையைத் தொடங்கியவர். சந்தர்ப்பவாதி இல்லை, நம்பினவர். 1933இலிருந்து ‘காசபெல்லா’ இதழின் ஆசிரியர். கூடவே வேலை செய்தவர் எதுவார்தோ பெர்சிகோ என்ற, ஆட்சியை வெறுத்த விமர்சகர். இரண்டு பேரும் சேர்ந்து அதை ஐரோப்பாவின் நல்ல கட்டடக்கலை இதழ்களில் ஒன்றாக ஆக்கினார்கள். பெர்சிகோ 1936 ஜனவரியில், 35 வயதில், திடீரென்று இறந்துபோனார்.

அதே 1936இல் மிலான் கண்காட்சியில் பகானோ ஒரு விசித்திரமான காரியம் செய்தார். இத்தாலியக் கிராமங்களில் குடியானவர் வீடுகளைத் தேடித் தேடித் தானே எடுத்த புகைப்படங்களை வைத்தார். வைக்கோல் கூரை, கல் சுவர், வெளிப்படிக்கட்டு. தூணும் இல்லை, வளைவும் இல்லை. ரோமாபுரியின் பெருமைன்னு நீங்க பேசிக்கிட்டே இருக்கீங்க, மக்கள் கட்டினது இதுதான் என்பதுதான் அதன் பொருள். படங்களைப் பார்த்தா சாது மாதிரி இருக்கும், உள்ளே நல்ல கோபம்.

பிறகு ரோமுக்குத் தெற்கே 1942 உலகக் கண்காட்சிக்காக ஒரு புது நகரம் திட்டமிட்டார்கள். அந்தக் குழுவில் பகானோவும் சேர்ந்தார், பியாச்செந்தினியோடு. அந்தப் பெயர் ஞாபகம் இருக்கா? நவீனப் பக்கம் ஜெயிக்கும்னு பகானோ நினைத்தார். தூண்களும் வளைவுகளும் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. இதழில் கடுமையாக எழுதினார். 1942இல் கட்சியை விட்டே வெளியேறி, எதிர்ப்பு இயக்கத்தில் சேர்ந்தார். 1943 நவம்பரில் கைது. அடுத்த ஜூலையில் மற்ற கைதிகளோடு தப்பினார். செப்டம்பரில் மிலானில் மறுபடி பிடிபட்டு, சித்திரவதைக்குப் பிறகு மவுத்ஹவுசன் வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டார். 1945 ஏப்ரல் 22 அன்று அங்கே இறந்தார். முகாம் விடுதலையானது மே 5.

தெரான்யி வேறு வழியில் போனார். பீரங்கிப் படை அதிகாரியாக ரஷ்யப் போர்முனைக்குப் போய், மனம் உடைந்து திரும்பினார். 1943 ஜூலை 19 அன்று கோமோவில் இறந்தார், வயது 39. ஆறே நாளில் முசோலினியின் பதவி பறிக்கப்பட்டது. அவர் என்ன நினைத்திருப்பார்னு ஆளாளுக்கு எழுதுகிறார்கள். நான் அந்த விளையாட்டுக்கு வரலை.

1945 ஏப்ரல் 25, பகானோ இறந்து மூன்றாம் நாள், மிலான் விடுதலை. ஆட்சியின் முக்கிய ஓவியர் மாரியோ சிரோனி, 1932 கண்காட்சியின் அறைகள் பலவற்றைச் செய்தவர், நாயோடு நகரை விட்டு நடந்து போகும்போது போராளிகளிடம் மாட்டினார். சுட்டுத் தள்ளியிருப்பார்கள். அந்தக் கூட்டத்தில் இருந்த ஒருவர் அவரை அடையாளம் கண்டு போக விட்டார் என்று சொல்லப்படுகிறது. அந்த ஒருவர் ஜானி ரோதாரி, பின்னாளில் இத்தாலியின் மிகப் பிரியமான குழந்தைகள் எழுத்தாளர்.

கட்டடங்கள் தப்பித்தன. கோமோ கண்ணாடி வீட்டுக்குள்ளே மாரியோ ராதிச்சே செய்திருந்த சுவர் வேலைகளை மட்டும் போர் முடிந்ததும் அழித்தார்கள். கட்டடம் பிறகு நிதிக் காவல் படையின் அலுவலகமானது. தெப்பேரோ அமெரிக்காவில் மறுபடி முயன்றார். ஃப்யூச்சரிசம்னாலே பாசிசம்னு ஆகிவிட்டிருந்ததால் கதவுகள் பெரிதாகத் திறக்கவில்லை. பாட்டில் மட்டும் எந்தக் கேள்வியும் இல்லாமல் விற்றுக்கொண்டே இருந்தது.

ரோமுக்குத் தெற்கே பகானோ வெறுத்த அந்த நகரமும் நிற்கிறது. அதன் நடுவில், ஒரு பக்கத்துக்கு 54 வளைவுகள் வைத்த வெள்ளைச் சதுரக் கட்டடம். சதுரக் கொலோசியம்னு சொல்வாங்க. நீங்க இன்ஸ்டாகிராம்ல பார்த்திருப்பீங்க, ஃபேஷன் படங்களுக்கு ரொம்பப் பிடித்த பின்னணி. 2015இலிருந்து ஃபெண்டி நிறுவனத்தின் தலைமையகம். உச்சியில், நாலு பக்கமும், இத்தாலியர்களைக் கவிஞர்கள், கலைஞர்கள், வீரர்கள், கடலோடிகள் என்று வரிசையாகப் புகழும் ஒரு வாசகம் பெரிய எழுத்தில் வெட்டப்பட்டிருக்கிறது. அது முசோலினியின் பேச்சிலிருந்து எடுத்தது. பேசிய நாள் 1935 அக்டோபர் 2. அடுத்த நாள் காலை படைகள் எல்லையைத் தாண்டி எத்தியோப்பியாவுக்குள் போயின.